சுண்ணாம்புச் சுவரும் நெகிழிச் சாயமும்: கெடாவில் ஒரு பழந்தொழிலின் கதை



கடாரம் என்றவுடன் நம்மவர் நினைவுக்கு முதலில் வருவன 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் அனுப்பிய கடற்படையும், பூசாங் பள்ளத்தாக்கின் சண்டிகளும்தாம். அவற்றைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர், இன்னும் எழுதுவர். நான் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் அத்துணைப் பெருமிதம் உடையதன்று. சுவரில் பூசும் சுண்ணாம்பு! படை நடத்தியவனுக்கு வரலாற்றில் இடம் உண்டு. சுண்ணாம்பு நீற்றியவனுக்கும் சாந்து அரைத்தவனுக்கும் இடமில்லை. ஆயினும், இம்மண்ணில் நிற்கும் பழஞ்சுவர்கள் பலவற்றில் நம்மவர் கைத்தடம் இருக்கின்றது. அந்தச் சுவர்களை இப்பொழுது நாமே கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தோட்டக் கோயில் ஒன்றுக்குத் திருப்பணி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவினர் கூடுவர். சாயக் கடையிலிருந்து வாங்கிவந்த வண்ண அட்டை கைக்குக் கை மாறும். எந்த நிறம், வாளி என்ன விலை, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்ற மூன்று கேள்விகளும் தவறாமல் எழும். “இந்தச் சுவர் எதனால் கட்டப்பட்டது?” என்ற நான்காவது கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அதுவே. போருக்கு முன்னர் எழுந்த செங்கல் அல்லது கருங்கல் சுவராயின் அதன்மேல் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அதற்கு ஏற்ற பூச்சு வேறு, இன்றைய சிமெண்டுச் சுவருக்கு ஏற்ற பூச்சு வேறு.

கெடாவில் இதற்கு முதற்சான்றாகக் கோலக்கெடாக் கோட்டையைச் சொல்லலாம். கெடா ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், சுல்தான் அப்துல்லா முகாராம் சா ஆட்சியில், 1771 முதல் 1780 வரை எழுப்பப்பட்ட கோட்டை அது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் என்று சொல்லப்படுகிறது. 1821ஆம் ஆண்டு நவம்பரில் சயாமியப் படை கெடாவின்மீது பாய்ந்தபோது அடிபட்டதும் இந்தக் கோட்டைதான். அதன் அகழியையும் செங்கல் மதிலையும் நுழைவாயிலையும் இன்றும் காணலாம். இங்கே ஓர் எளிய கணக்கைக் கவனியுங்கள். இன்று நாம் சிமெண்டு என்று சொல்லும் போர்ட்லண்டு சிமெண்டுக்கு இங்கிலாந்தில் சோசப் ஆஸ்பிடின் காப்புரிமை பெற்ற ஆண்டு 1824. கோட்டை கட்டி முடிந்து நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு! ஆகவே அந்தச் செங்கற்களை முதன்முதலில் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்தாகத்தான் இருந்திருக்க வேண்டும். கடலலை மோதும் இடத்தில், உப்புக்காற்றில், ஆண்டுதோறும் கொட்டும் மழையில், இரண்டரை நூற்றாண்டு அந்த மதில் நின்றிருக்கிறது.

சுண்ணாம்பின் இயல்பைச் சற்றே விளக்கிவிட்டு மேலே செல்வது நல்லது. சுண்ணக்கல்லையோ கடற்கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ கல் 56 கிலோவாகக் குறையும். எஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி வெண்ணெய்போல் குழையும். இதனையே நீற்றுதல் என்கிறோம். குழைந்த சுண்ணாம்பைச் சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாகிறது. கல்லாகத் தொடங்கி, மாவாகிக் குழம்பாகி, மறுபடி கல்லாகவே முடியும் பொருள் இது. அப்படி ஆன கல்லில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் எண்ணிறந்தன. சுவருக்குள் புகுந்த ஈரம் ஆவியாகி அத்துளைகளின் வழியே வெளியேறும். சுவர் மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான்.

இனி, இந்தத் தொழில் மலாயாவுக்கு வந்த வழியைப் பார்ப்போம். அது மகிழ்ச்சியான வழியன்று.

1786 ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிசு லைட் பினாங்குத் தீவில் பிரிட்டிசுக் கொடியை ஏற்றினார். அதுவரை அத்தீவு கெடா சுல்தானுக்கு உரியது. லைட் முதலில் கட்டிய கோட்டை நீபோங் மரத் தூண்களால் ஆனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைச் செங்கல் கோட்டையாக மாற்றியபோது வேலைக்கு அமர்த்தப்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். அதுவே இன்று சுற்றுப்பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் கார்ன்வாலிசுக் கோட்டை. சஞ்சிக்கூலிகளாக நம் முன்னோர் இரப்பர்க் காட்டுக்கு வருவதற்கு நெடுநாள் முன்பே, கைதிகளாக வந்த இந்தியர்கள் நீரிணைக் குடியேற்றங்களின் சாலைகளையும் மதில்களையும் எழுப்பினர். நம் பிள்ளைகளுக்குச் சொல்லும் வரலாறு பெரும்பாலும் இரப்பரில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய இந்த அதிகாரத்தை நாம் விட்டுவிடுகிறோம்.

இக்கைதிகளின் கைத்திறனுக்கு நல்ல சான்று சிங்கப்பூரில் உள்ளது. அங்குள்ள செயிண்ட் ஆண்ட்ரூ பேராலயத்தை 1856 முதல் இந்தியக் கைதிகள் கட்டினர். 1861இல் முதல் வழிபாடு நடந்தது. கைதிகளை மேற்பார்த்த அதிகாரிகளுள் ஒருவரான மெக்நாயர் 1899இல் வெளியிட்ட நூலில், அதன் உட்சுவருக்குப் பூசிய ‘மதராசுச் சுண்ணம்’ எவ்வாறு ஆக்கப்பட்டது என்று விளக்கியிருக்கிறார். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பு. அதனோடு முட்டையின் வெண்கருவும் நாட்டுச் சருக்கரையும் சேர்த்துக் குழைத்தது. தேங்காய் மட்டையை ஊறவைத்த நீர் விட்டுப் பதமாக்கியது. சுவரில் பூசிக் காய்ந்தபின் உருண்டைக் கல்லாலும் பளிங்குக் கல்லாலும் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினர். இடையிடையே மாக்கல் பொடியைத் தூவினர். பார்ப்பவர் சலவைக்கல் என்று மயங்கும் வழவழப்பு அவ்வாறு வந்தது.

இந்தச் சேர்மானத்தைப் படிக்கும்போது செட்டிநாட்டு வீடுகள் நினைவுக்கு வராமல் போகா. அங்கும் அதே முட்டை வெண்கரு, அதே கிளிஞ்சல் சுண்ணாம்பு, அதே மெருகுக் கல். கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிப் பாகும் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் வழக்கம். அவ்வீடுகள் எழுந்த பணத்தில் ஒரு பங்கு பர்மாவிலும் மலாயாவிலும் ஈட்டியது என்பதை நாம் அறிவோம். பணம் இங்கிருந்து அங்கே சென்றது. கைத்தொழில் அங்கிருந்து இங்கே வந்தது. ஒன்று கணக்கேட்டில் பதிவாயிற்று. மற்றொன்று விலங்கு பூட்டிய கைகளோடு வந்தமையால் பெயரில்லாமல் போயிற்று.

1909இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிசார் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் கூலிம், பீடோங், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. தோட்டத்தில் சுண்ணாம்புக்கு வேறொரு வேலை கிடைத்தது. லயங்கள் பெரும்பாலும் பலகை வீடுகள். அவற்றில் காரைப் பூச்சு இல்லை. எனினும் அவற்றுக்கு வெள்ளையடித்தனர். அழகுக்காக அன்று, நோய்க்கு அஞ்சி! புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை மிகக் கடுமையானது. பூஞ்சணமும் கிருமியும் அதில் எளிதில் பிழைக்கமாட்டா. மலிவான கிருமிநாசினி என்பதால் நிருவாகமும் அதனை விரும்பிற்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்பு வாளியும் மட்டைத் தூரிகையும் நினைவிருக்கும். வெண்மை கூடுவதற்காக அதில் துணிக்கு இடும் நீலத்தைக் கொஞ்சம் கரைப்பார்களே, அதுவும் நினைவிருக்கும்.

தோட்டத்துக் கோயில்களும் பட்டணத்துக் கடைவீடுகளும் செங்கல்லும் காரையுமாக எழுந்தன. அலோர்ஸ்டாரிலும் கூலிமிலும் போருக்கு முந்திய கடைவீடுகளின் சுவர் பெயர்ந்த இடத்தைப் பாருங்கள். மங்கிய வெண்ணிறத்தில், நகத்தால் கீறினால் மாவாக உதிரும் சாந்து தெரியும். அதுவே சுண்ணாம்புக் காரை. சாம்பல் நிறத்தில், ஆணி இறங்காத கெட்டியாக இருந்தால் பிற்காலத்துச் சிமெண்டு. மாணவர்களை அழைத்துக்கொண்டு பட்டணத்து வீதியில் நடந்தால் அரை மணி நேரத்தில் இந்த வேறுபாட்டைக் கற்பித்துவிடலாம்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் காட்சி மாறியது. சிமெண்டு எங்கும் மலிந்தது. 1950களில் அக்ரிலிக் என்னும் நெகிழிப் பிசின் கலந்த நீர்ச்சாயம் உலகச் சந்தைக்கு வந்தது. சுண்ணாம்பைப்போல ஆண்டுதோறும் அடிக்கத் தேவையில்லை, உடையில் ஒட்டாது, விரும்பிய நிறம் எல்லாம் உண்டு. யார்தான் வேண்டாம் என்பர்? சிமெண்டுச் சுவருக்கு அது நன்றாகவே பொருந்திற்று. அதனைக் குறைசொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பழஞ்சுவரின்மேல் பூசியபோதுதான் கேடு தொடங்கியது.

நடப்பது இதுதான். பழைய கட்டடங்களின் அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் படலம் பெரும்பாலும் இருப்பதில்லை. தரையிலுள்ள நீர் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். மண்ணிலுள்ள உப்பையும் கரைத்து எடுத்துக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை நீர் ஆவியாகி வெளியேறியது. உப்பு சுவர்மேல் வெண்துகளாகப் படிந்தது. துடைத்துவிட்டு அடுத்த தீபாவளிக்கு மறுபடி வெள்ளையடித்தால் போயிற்று. நெகிழிச் சாயம் பூசிய சுவரில் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் உள்ளேயே தங்கும், அல்லது இன்னும் உயரமாக ஏறும். உப்பு படலத்துக்கு அடியில் படிகமாகி விரியும். அந்த விரிவைக் காரை தாங்காது. முதலில் கொப்புளம், பிறகு பொருக்கு, பிறகு பொருக்கோடு சேர்ந்து காரையும் உதிரும்.

உதிர்ந்த இடத்தைக் கொத்திவிட்டுச் சிமெண்டு பூசுவது அடுத்த தவறு. சிமெண்டு கெட்டி, பழைய செங்கல் மென்மை. வெயிலிலும் மழையிலும் இரண்டும் ஒன்றுபோல் அசைவதில்லை. ஈரம் சிமெண்டை ஊடுருவ இயலாமல் அதன் ஓரங்களில் உள்ள பழங்காரையைத் தேடிச் செல்லும். ஒட்டுப்போட்ட இடம் நிற்கும், சுற்றியுள்ளது விழும். மறுபடி கொத்து, மறுபடி சிமெண்டு. நான் வழிபடச் செல்லும் ஒரு தோட்டக் கோயிலின் கருவறைச் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு இவ்வாறு மூன்று அடுக்கு ஒட்டுகளை எண்ணியிருக்கிறேன். “நல்ல கம்பெனிச் சாயம்தான் அடித்தோம் டீச்சர், மண்ணு சரியில்லை” என்றார் அங்குள்ள பெரியவர் ஒருவர். மண் என்றைக்கும் அப்படித்தான் இருந்தது. மாறியது பூச்சு.

இதனைப் பிள்ளைகளுக்குச் செய்தே காட்டலாம். உடைந்த மண்சட்டி ஓடுகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் இருபுறமும் சுண்ணாம்பு நீரும், மற்றொன்றின் இருபுறமும் நெகிழிச் சாயமும் பூசிக் காயவையுங்கள். பூசாத அடி விளிம்பு நனையும்படி இரண்டையும் உப்புநீர்த் தட்டில் நிறுத்துங்கள். நீர் குறையக் குறைய ஊற்றிவாருங்கள். சில வாரங்களில் சுண்ணாம்பு ஓட்டின்மேல் உப்பு பொடியாகப் பூக்கும். சாய ஓட்டில் உப்பு படலத்துக்கு அடியில் சேர்ந்து அதனைத் தூக்கும். ஐந்தாம் ஆண்டு அறிவியலுக்கு ஏற்ற செயல்முறை, செலவும் இல்லை.

சுண்ணாம்பை விட்டால் வண்ணத்துக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். பினாங்கு லீத் வீதியில் உள்ள சியோங் பட் சே மாளிகையை ஒருமுறை சென்று பாருங்கள். 1916இல் மறைந்த அச்சீனச் செல்வரின் வீட்டுச் சுவர் முழுதும் ஆழ்ந்த நீலம். இந்தியாவிலிருந்து வந்த அவுரி நீலத்தைச் சுண்ணாம்பு நீரில் கலந்து பூசியதால் வந்த நிறம் அது. சிதைந்து கிடந்த அம்மாளிகையை 1990களில் புதுப்பித்தவர்கள் அதே சுண்ணாம்பு நீலத்தைத்தான் மறுபடி பூசினர். 2000ஆம் ஆண்டில் அப்பணிக்கு யுனெசுகோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. நம் கோயில் மதில்களின் காவியும் வெள்ளையுமான பட்டைகள் மட்டும் என்னவாம்? வெள்ளை சுண்ணாம்பு, சிவப்பு காவிமண். காவி, மஞ்சள்மண், கரி, துணிக்கு இடும் நீலம் ஆகிய இவையெல்லாம் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்குவன. இன்று கோபுரச் சுதைகளில் காணும் பளபளப்பான இளஞ்சிவப்பும் கிளிப்பச்சையும் இந்த முறையில் வரமாட்டா என்பது உண்மைதான். அவை இல்லாமலே நம் கோபுரங்கள் பல நூற்றாண்டுகள் அழகாக இருந்தன என்பது என் கருத்து.

சரி, திருப்பணிக் குழுவினர் எதைத்தான் தேர்ந்தெடுப்பது? பழங்காரைச் சுவருக்கு என் முதல் தேர்வு சுண்ணாம்பேதான். இரண்டாவது தேர்வு சிலிக்கேட்டுச் சாயம். செருமனியின் பவேரியாவைச் சேர்ந்த அடால்பு வில்கெல்ம் கைம் என்பவர் 1878இல் காப்புரிமை பெற்ற வகை இது. சுவரின்மேல் தோல்போல் படியாமல் காரையோடு வேதிவினை புரிந்து அதிலேயே கல்லாகிவிடும். விலை கூடுதல், நெடுங்காலம் உழைக்கும். இவ்விரண்டையும் பழைய எண்ணெய்ச் சாயத்தின் மேலோ நெகிழிச் சாயத்தின் மேலோ பூசினால் பிடிக்காது. முன்னைய படலத்தை முழுதும் நீக்கியாக வேண்டும். அதுவே கடினமான வேலை, பொறுமையும் வேண்டும். அவசரப்பட்டு மணல் பீய்ச்சும் கருவியைக் கொண்டுவந்தால் சாயத்தோடு காரையும் போய்விடும்.

வாளியின்மேல் ‘சுவாசிக்கும் சாயம்’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பவேண்டாம். ஐரோப்பியத் தர அளவை ஒன்று உண்டு. சாயப் படலம் நீராவியைத் தடுக்கும் அளவை எத்தனை மீட்டர் காற்றுக்கு நிகர் என்று கணக்கிடுவர். 0.14 மீட்டருக்குக் குறைந்தால் முதல் வகை, 1.4 மீட்டரைத் தாண்டினால் மூன்றாம் வகை. சுண்ணாம்பும் நல்ல சிலிக்கேட்டும் முதல் வகையில் அடங்கும். பளபளக்கும் எண்ணெய்ச் சாயங்கள் மூன்றாம் வகையைத் தொடும். பொருளின் விவரத்தாளில் இந்த எண் இருக்கும். கடைக்காரர் அத்தாளைக் காட்ட முடியாவிட்டால் வேறு சாயம் பார்ப்பது நல்லது.

கெடாத் தோட்டத்து மக்களுக்கு ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு. உரக்கடையில் மூட்டையாகக் கிடைக்கும் விவசாயச் சுண்ணாம்பு இதற்கு உதவாது. அது சுடாத சுண்ணக்கல்லை அரைத்த பொடி. மண்ணின் புளிப்பைப் போக்கும், சுவரில் பிடிக்காது. கட்டடப் பொருள் கடையில் நீற்றிய சுண்ணாம்பு என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கியதை நீரில் ஊறவிடுங்கள். ஊற ஊறக் குழைவு கூடும். சல்லடைத் துணியில் வடிகட்டிப் பால்போல் நீர்க்கச் செய்து, சுவரை நனைத்தபின் மெல்லியதாகப் பூசுங்கள். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒருநாள் இடைவெளி வேண்டும். நான்கைந்து பூச்சுகள் ஆகலாம். முதலில் பூசும்போது கண்ணாடிபோல் தெரியும், காய்ந்தபின்தான் வெளுக்கும். கெட்டியாக ஒரே பூச்சாகப் பூசினால் பாளம் பாளமாக வெடிக்கும். ஒட்டுவதற்காக வெள்ளைப் பசையை நிறையக் கலப்பவர்கள் நெகிழிச் சாயத்தையே வேறு வழியில் பூசுகிறார்கள். கண்ணில் பட்டால் சுண்ணாம்பு பார்வையைக் கெடுத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் இன்றிப் பிள்ளைகளை அருகே விடாதீர்கள். இவை அனைத்துக்கும் முன்பாகக் கூரைத் தூம்பையும் சுவரோரக் கால்வாயையும் செப்பனிடுங்கள். சுவரில் நீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது.

எப்பொழுது பூசுவது என்பதிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. தமிழ்நாட்டில் பொங்கலுக்கு முன்பு, மழை ஓய்ந்த மார்கழியில் வெள்ளையடிப்பர். இங்கே தோட்டங்களில் தீபாவளியே பெருநாளாக நிலைத்தமையால் வெள்ளையடிப்பும் தீபாவளிக்கு முந்திய வாரங்களுக்கு நகர்ந்துவிட்டது. கெடாவில் அது மழைக்காலம். பலகை வீட்டுத் தாழ்வாரத்துக்குப் பரவாயில்லை. வெளிச்சுவரில் பூசிய சுண்ணாம்பு கல்லாகும் முன்னரே ஒரு மழை அடித்தால் அத்தனையும் கால்வாயில் வெள்ளையாக ஓடிவிடும். கெடாவில் வறண்ட மாதங்கள் சனவரியும் பிப்ரவரியும். திருப்பணிக்கு நாள் குறிப்பவர்கள் பொங்கலை ஒட்டி வேலையைத் தொடங்கி, கடும் வெயில் நேரத்தைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலுமாகப் பூசினால் சுண்ணாம்பு நிதானமாகக் காய்ந்து பிடிக்கும்.